தறிகள் நின்ற வாரம்

பிரெஸ்டன் நிலையத்தைத் தாண்டியதும் ரயில் மேற்கே திரும்பித் தட்டையான வயல்வெளிக்குள் நுழைகிறது. குன்று இல்லை, காடு இல்லை. பசும்புல், வேலி, ஆங்காங்கே மேயும் மாடுகள். பெட்டியில் குழந்தைகள் இருந்தால் இந்த இடத்தில் எல்லாரும் ஜன்னல் பக்கம் முண்டியடிப்பார்கள். அடிவானத்தில் தலைகாட்டும் இரும்புக் கோபுரத்தை யார் முதலில் பார்ப்பது என்பதுதான் போட்டி. லங்காஷயர் குடும்பங்களில் தாத்தா, அப்பா, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் போட்டி அது. கோபுரத்தின் உயரம் 518 அடி. அது கண்ணில் பட்டுவிட்டால் கடல் வந்துவிட்டது, பிளாக்பூல் வந்துவிட்டது என்று பொருள்.

வடமேற்கு இங்கிலாந்தில், லங்காஷயர் பகுதியில், ஐரிஷ் கடலைப் பார்த்து நீண்டு கிடக்கும் ஊர் பிளாக்பூல். 1851-ல் இங்கே வாழ்ந்தவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. 1901-ல் மக்கள்தொகை 47,000-ஐத் தாண்டியது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில், ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேர் இந்தச் சிறிய ஊருக்கு விடுமுறைக்கு வந்துபோனார்கள். தெற்கே பிரைட்டன் நகரை வளர்த்தது இளவரசரின் ஆதரவு. பிளாக்பூலை வளர்த்தவர்கள் நூற்பாலையில் இழை ஓட்டியவர்களும், தறிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றவர்களும்தான். உழைக்கும் மக்கள் ஒரு வாரம் முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு, கடற்கரையில் அறை எடுத்துத் தங்கி, பொழுதைப் போக்கத் தங்கள் காசையே செலவழிப்பது என்ற வழக்கம் உலகத்தில் முதன்முதலாக வேரூன்றிய இடங்களில் இது தலையானது. இந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பவர் அந்த மக்கள் எங்கே ஆடினார்கள் என்பதோடு எங்கே படுத்து உறங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று விளங்காது.

கதை தொடங்குவது கடற்கரையில் அல்ல, உள்நாட்டில், பஞ்சாலை ஊர்களில். ஓல்டம், போல்டன், பர்ன்லி, பிளாக்பர்ன், ராச்டேல் ஆகிய ஊர்களுக்கு ஆண்டுக்கொரு திருவிழா உண்டு. ஊர்த் தேவாலயத்தின் விழாவாகத் தொடங்கி, கூத்தும் குடியுமாக வளர்ந்த அதற்கு ‘வேக்ஸ்’ என்று பெயர். ஆலைகள் வந்த பிறகும் மக்கள் அந்த நாட்களை விட்டுக்கொடுக்கவில்லை. எவ்வளவு அபராதம் போட்டாலும் திருவிழா நாளில் வேலைக்கு ஆள் வராது. கடைசியில் முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். ஊரில் உள்ள எல்லா ஆலைகளையும் ஒரே சமயத்தில் மூடி, கொதிகலன்களைப் பழுதுபார்க்க அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டு மூன்று நாளாக இருந்த விடுமுறை, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பல ஊர்களில் ஒரு வாரமாக நீண்டது.

ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு வாரம். போல்டன் ஜூன் கடைசியில் மூடும், பர்ன்லி ஜூலையில், ஓல்டம் ஆகஸ்ட் கடைசியில். பிளாக்பூலின் பிழைப்பு முழுவதும் இந்த ஏற்பாட்டின்மேல்தான் நின்றது. எல்லா ஊரும் ஒரே வாரத்தில் வந்து குவிந்திருந்தால் இடம் போதாது, மற்ற வாரங்களில் ஊர் காய்ந்து கிடக்கும். முறைவைத்து வந்ததால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரந்தோறும் புதிய கூட்டம் நிறைந்தது. சனிக்கிழமை காலை ஒரு பஞ்சாலை ஊர் ரயிலேறி வந்தால், அடுத்த சனிக்கிழமை அது வீடு திரும்ப, வேறோர் ஊர் வந்திறங்கும். அந்த வாரம் ஆலை ஊரில் கடைகள் மூடியிருக்கும், தெருக்கள் வெறிச்சோடும். புகைபோக்கிகள் ஓய்ந்திருப்பதால் வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத மலைகள் அந்த ஏழு நாளும் பளிச்சென்று தெரியும்.

விடுமுறைக்குக் கூலி கிடையாது. ஆலை மூடியிருக்கும் வாரத்தில் வருமானம் சுத்தமாக நின்றுவிடும். அதே வாரத்தில்தான் ஆண்டின் மிகப் பெரிய செலவு. இதைச் சமாளிக்க ஆலைகளிலும் தேவாலயங்களிலும் மதுக்கடைகளிலும் சேமிப்புச் சங்கங்கள் நடந்தன. நம்மூர் தீபாவளிச் சீட்டு மாதிரி வாரந்தோறும் சில பென்ஸ் கட்டிவந்து, விடுமுறைக்கு முன்தினம் மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஆலையில் வேலை பார்த்தது லங்காஷயர் குடும்பங்களின் தனித்தன்மை. தனித்தனியாகப் பார்த்தால் கூலி குறைவு. வீட்டில் சேர்ந்து விழும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடிந்தது. இங்கிலாந்தின் மற்றத் தொழில் ஊர்க்காரர்கள் ஒருநாள் சுற்றுலாவோடு திருப்திப்பட்ட காலத்தில் லங்காஷயர்க்காரர்கள் ஒரு வாரம் தங்கியதற்கு இதுதான் காரணம். கூலியோடு கூடிய விடுமுறைக்கான சட்டம் பிரிட்டனில் 1938-ல்தான் வந்தது. அதுவரை இந்த ஊரில் ஒலித்த ஒவ்வொரு பாட்டும் உழைப்பாளிகள் முன்கூட்டியே சேர்த்துவைத்த பணத்தில் ஒலித்தது.

அந்தப் பணத்தில் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. முதல் உலகப் போருக்கு முன் லங்காஷயர் துணிக்கு உலகிலேயே பெரிய சந்தை இந்தியாதான். பிளாக்பர்ன் தறிகள் இந்தியர்கள் உடுத்தும் வேட்டியையே பெருமளவில் நெய்தன. இந்திய நெசவாளர்களின் வாழ்வை நசுக்கிய அதே வணிகம்தான் பிளாக்பர்ன் நெசவுக்காரியை வருடத்துக்கு ஒரு வாரம் கடலுக்குக் கூட்டிவந்தது. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயருக்கு வந்து டார்வன் பகுதியில் தங்கினார். அன்னியத் துணி புறக்கணிப்பாலும் உலகப் பொருளாதார மந்தத்தாலும் வேலையிழந்து நின்ற ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். அவர்கள் அவரை அன்போடு வரவேற்றார்கள். இரண்டு நாட்டு ஏழைகளும் ஒரே நூலின் இரு முனைகளில் கட்டுண்டிருந்ததை அந்தச் சந்திப்பு நேருக்கு நேர் நிறுத்திக் காட்டியது.

இன்றைய பயணி வந்திறங்குவது பிளாக்பூல் நார்த் நிலையத்தில். ஊருக்கு ரயில் வந்தது 1846-ல். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கூட்டத்தில் பெரும்பகுதி இறங்கியது தெற்கே, கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் நிலையத்தில். 14 நடைமேடைகள் கொண்ட அந்த நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல். 1964-ல் அதை மூடிவிட்டார்கள். தண்டவாளம் ஓடிய இடத்தில் பிறகு கார்கள் நின்றன.

சென்ட்ரல் நிலையம் எங்கே இருந்தது என்பதை வைத்தே பழைய ஊரின் வரைபடத்தைப் படித்துவிடலாம். வடக்கே மேட்டுக்கரை ஓரம் வசதிபடைத்தவர்களின் பெரிய ஹோட்டல்கள். 1867-ல் திறந்த இம்பீரியல் ஹோட்டல் இன்றும் அங்கே நிற்கிறது. தெற்குக் கரையில் நடுத்தரக் குடும்பங்களின் அமைதியான வீடுகள். நடுவே, நிலையத்தைச் சுற்றி நெருக்கியடித்த தெருக்களில் ஆலைத் தொழிலாளர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்ச் சேரும் தூரத்தில் அவர்களுக்கு அறை வேண்டும். அந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு விடுதி.

குறுகிய முகப்பு, பின்னோக்கி நீண்ட உடல், மூன்று நான்கு மாடி, தெருவைப் பார்த்துப் புடைத்த ஜன்னல். பெரும்பாலான வீடுகளிலிருந்து கடல் தெரியாது. நடத்துபவர்கள் பெண்கள். கணவனை இழந்தவர்கள், மணமாகாத சகோதரிகள், கணவன் வேறு வேலை பார்க்க வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தியவர்கள் என்று பலவகை. இவர்களில் கணிசமானோர் தாங்களே ஆலை ஊர்களிலிருந்து வந்தவர்கள். பர்ன்லிக்காரி ஒருத்தி வீடு எடுத்தால் பர்ன்லிக்காரர்கள் அங்கேதான் போவார்கள். ஊர்ப் பேச்சு ஒன்று, சாப்பாட்டு ருசி ஒன்று, பேச்சுக்கு இழுக்கப் பொதுவான சொந்தபந்தமும் உண்டு. ஊருக்குக் கிளம்பும் நாளிலேயே அடுத்த வருடத்துக்கு அதே அறையைச் சொல்லிவைத்துவிட்டுப் போன குடும்பங்கள் ஏராளம். பெண்கள் சொந்தமாகத் தொழில் நடத்த வழி அரிதாக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரில், தங்கள் கணக்கில் இந்தத் தொழிலை நடத்தினார்கள். வரலாற்றாசிரியர் ஜான் வால்டன் 1978-ல் இந்த வீட்டுக்காரம்மாக்களுக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

அன்றைய வழக்கப்படி வாடகை அறைக்கு மட்டும்தான். சாப்பாட்டுச் சாமானை விருந்தாளி கொண்டுவர வேண்டும். தேயிலை, சர்க்கரை, மாவு, ஜாம் எல்லாம் தகரப் பெட்டியில் ஊரிலிருந்தே வரும். இறைச்சியும் காய்கறியும் தினமும் காலையில் கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தால் வீட்டுக்காரம்மா சமைத்துப் போடுவார். பத்துக் குடும்பம் தங்கினால் பத்துக் குடும்பத்துச் சாமான், பத்து விதமான சமையல். யாருடைய வெண்ணெய் எது, யாருடைய ஆட்டுக்கறி எது என்று குழம்பாமல், பெயர் எழுதி அலமாரியில் வைத்து, ஒரே அடுப்பில் எல்லாவற்றையும் நேரத்துக்கு இறக்குவது சாமானிய வேலையல்ல. சமைக்கவும், வெந்நீர் வைக்கவும், மேஜையில் உப்பும் மிளகும் வைக்கவும் தனித்தனிக் கட்டணம் போட்டார்கள் என்பது மேடைக் கோமாளிகளின் நிரந்தரச் சிரிப்புச் சரக்காக இருந்தது.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த கணக்கு கடுமையானது. ஆண்டு வாடகை, வரி, நிலக்கரி, படுக்கை விரிப்பு எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு மாதத்தில் சம்பாதித்தாக வேண்டும். உச்ச வாரங்களில் ஒரு கட்டிலில் இரண்டு மூன்று பேர். வீட்டுக்காரம்மாவின் சொந்தக் குடும்பம் சமையலறையிலோ, நிலவறையிலோ, பின்கட்டிலோ ஒடுங்கிக்கொள்ளும். எல்லாருக்கும் முன்னே எழுந்து, எல்லாரும் படுத்த பிறகு படுத்து, குளிர்காலத்தில் அதே கைகளால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து அடுத்த பருவத்துக்கு வீட்டைத் தயார்செய்தவர்கள் இவர்கள். மேடை நகைச்சுவையில் முரட்டுக் கறார்காரியாக வரும் இந்தப் பெண்ணின் உழைப்பு இல்லாவிட்டால் கோபுரத்துக்கு மேலே ஏற ஆள் வந்திருக்காது.

இந்த வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. காலைச் சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகள் வெளியே போய்விட வேண்டும்; மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்ப வேண்டும். பெருக்கித் துடைத்துச் சமைக்க வேறு வழியில்லை. உட்கார்ந்து பேசக் கூடம் இல்லை. வெளியே ஐரிஷ் கடலின் காற்று. ஜூலையிலும் மழை பெய்யும். கூலியில்லாத வாரத்தில் குழந்தைகளோடு தெருவில் நிற்கும் குடும்பத்துக்குக் கூரை வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், ஒரே காசில் நாள் முழுவதும் இருக்க இடம் வேண்டும். பிளாக்பூலின் மாபெரும் கேளிக்கை மாளிகைகள் அந்தத் தேவைக்கு ஏற்ற வடிவத்தில் எழுந்தவை. உறங்கும் அறை எவ்வளவு குறுகலோ, ஆடும் கூடம் அவ்வளவு விசாலம்.

அவற்றில் முதன்மையானது கோபுரம். 1889 பாரிஸ் கண்காட்சியில் ஐஃபல் கோபுரத்தைப் பார்த்த ஜான் பிக்கர்ஸ்டாஃப் என்ற உள்ளூர்க்காரர், பிளாக்பூலுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று முனைந்தார். ஊரின் மேயராகவும் இருந்தவர் அவர். மேக்ஸ்வெல், டியூக் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தார்கள். வேலை முடிவதைப் பார்க்க இருவருமே உயிரோடு இல்லை. 1894 மே 14 அன்று திறப்பு. பாரிஸ் கோபுரம் நான்கு காலில் வெட்டவெளியில் நிற்கிறது. பிளாக்பூலில் அந்த நான்கு கால்களையும் செங்கல் கட்டடம் ஒன்று மூடியிருக்கிறது. மழைக்கு ஒதுங்கும் ஊருக்கு அதுதான் பொருத்தம். உள்ளே மீன்காட்சிச்சாலை, மிருகக்காட்சிச்சாலை, கூரைத் தோட்டம், நடனக்கூடம், நான்கு கால்களுக்கு நடுவில் சர்க்கஸ். நுழைவுக்கு 6 பென்ஸ், சர்க்கஸ் பார்க்க இன்னொரு 6, உச்சிக்கு லிஃப்டில் போக மேலும் ஒரு 6. நெசவாளரின் வாரக் கூலி 20 ஷில்லிங்கைச் சுற்றியிருந்த நாட்களில், அரை ஷில்லிங் கொடுத்தால் காலையிலிருந்து இரவு வரை உள்ளேயே இருக்கலாம்.

சர்க்கஸ் களத்தின் அதிசயம் இன்றும் நடக்கிறது. ஆட்டம் முடியும் தறுவாயில் களத்தின் தரை அப்படியே கீழே இறங்க, 42,000 கேலன் தண்ணீர் பாய்ந்து நிரம்ப, மண் தரை குளமாகிறது. விக்டோரியா காலத்தில் அமைத்த நீர்விசை ஏற்பாடு அது. யானையும் சிங்கமும் ஆடிய நாட்கள் 1990-ல் முடிந்துவிட்டன. இன்று மனிதர்களின் வித்தைகள் மட்டுமே.

மாடிப்படி ஏறி நடனக்கூடத்துக்குள் நுழைபவர் சற்று நின்றுவிடுவார். இரண்டு அடுக்கு உப்பரிகைகள், தங்கப் பூச்சு, ஓவியம் தீட்டிய கூரை, தொங்கும் படிக விளக்குகள். பிரிட்டன் முழுக்க நாடக அரங்குகள் கட்டிய ஃபிராங்க் மாச்சம் 1899-ல் உருவாக்கியது. தரை மட்டும் 120 அடிக்கு 102 அடி. மகோகனி, ஓக், வால்நட் மரங்களில் இழைத்த 30,602 துண்டுகள். ஆடும் கால்களுக்குத் துள்ளல் கொடுக்கும்படி அடியில் அமைப்பு இருக்கிறது. போட்டிதான் இந்தக் கூடத்தைப் பிறப்பித்தது. பக்கத்துத் தெருவில் 1878 முதல் இயங்கிய வின்டர் கார்டன்ஸ் 1896-ல் எம்ப்ரஸ் நடனக்கூடத்தைத் திறந்து கூட்டத்தை இழுக்க, கோபுரக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

பகலெல்லாம் இயந்திர இரைச்சலில் உதட்டசைவைப் படித்தே பேசிப் பழகிய நெசவுப் பெண்கள் இங்கே இசைக்குழுவின் வால்ட்ஸுக்கு ஆடினார்கள். பெண்ணோடு சேர்ந்தல்லாமல் ஆண்கள் ஆடக் கூடாது, ஒழுங்கு மீறினால் உடனே வெளியேற்றம் என்று அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. பக்திப் பாடல் கச்சேரி மட்டும். 1930-ல் ரெஜினால்ட் டிக்ஸன் வுர்லிட்ஸர் ஆர்கனின் முன் உட்கார்ந்து நாற்பது ஆண்டு வாசித்தார். 1956 தீ விபத்தில் தரை கருகியது. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். இன்றும் பிற்பகலில் ஆர்கன் ஒலிக்க, தேநீர் மேஜைகளிலிருந்து முதிய தம்பதிகள் எழுந்து ஆடுகிறார்கள். எம்ப்ரஸ் கூடத்தில் 1920-ல் தொடங்கிய நடனத் திருவிழாவுக்கு உலகின் பல நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் இன்றும் வருகிறார்கள்.

எல்லாப் போட்டியும் பலிக்கவில்லை. வின்டர் கார்டன்ஸ் 1896-ல் நிறுத்திய 220 அடி ராட்சத ராட்டினம் மிக மெதுவாகச் சுற்றியது, 1928-ல் பிரித்துவிட்டார்கள். கோபுரத்துக்கு அடுத்த மனையில் 1899-ல் எழுந்த அல்ஹாம்ப்ரா மாளிகை சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போக, கோபுரக் கம்பெனியே அதை வாங்கி ‘பேலஸ்’ என்று பெயர் மாற்றியது. அதுவும் 1961-ல் தரைமட்டமானது.

கடற்கரைக்கு வந்தால் மூன்று கடற்பாலங்கள். வடக்குப் பாலம் 1863, நடுப்பாலம் 1868, தெற்குப் பாலம் 1893. கப்பல் வந்து அணையவும், கால் நனையாமல் கடலின்மேல் உலாவவும் கட்டியவை. யூஜீனியஸ் பிர்ச் வடிவமைத்த வடக்குப் பாலம் கண்ணியமான உலாவுக்கும் கச்சேரிக்கும் உரியது. அதன் முனையில் 1877-ல், பிருந்தாவனத்துக் கோயில் ஒன்றைப் பார்த்து அலங்கரித்த ‘இந்தியப் பெவிலியன்’ இருந்தது. 1921 தீயில் அழிந்தது. நடுப்பாலத்தைத் தொழிலாளர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். திறந்தவெளியில், கடலின்மேல், பலகைத் தரையில் காலை முதல் இரவு வரை ஆட்டம். மக்கள் பாலம் என்றே அதற்குப் பெயர்.

மணலிலும் ஒரு சந்தை நடந்தது. மண்டையைத் தடவிக் குணம் சொல்பவர்கள், கைரேகைக்காரர்கள், போலி வைத்தியர்கள், ஏலக்காரர்கள், பொம்மலாட்டக்காரர்கள், சிப்பி விற்பவர்கள் என்று நெருக்கியடித்த கூட்டம். 1897-ல் நகராட்சி குறுக்கிட்டது. பொம்மலாட்டத்தையும் ஐஸ்கிரீமையும் சிப்பியையும் விட்டுவைத்து, ஜோசியர்களையும் வைத்தியர்களையும் ஏலக்காரர்களையும் மணலை விட்டு விரட்டியது. விரட்டப்பட்டவர்கள் தூரம் போகவில்லை. சாலையைக் கடந்து, எதிர்வரிசை வீடுகளின் முன்தோட்டங்களை வாடகைக்குப் பிடித்துக் கடைவிரித்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு அறை வாடகையைவிட அந்த வாடகை லாபமாக இருந்தது. ‘கோல்டன் மைல்’ என்று புகழ்பெற்ற கேளிக்கை வரிசை அப்படிப் பிறந்தது. உடல் அமைப்பில் வேறுபட்ட மனிதர்களைக் காசுக்குக் காட்சிப்பொருளாக நிறுத்திய அரங்குகளும் அதில் இருந்தன. அந்தக் காலத்து மகிழ்ச்சியைச் சொல்லும்போது அந்தக் கொடுமையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அதே வரிசையில் இன்றும் விற்கும் பண்டம் பிளாக்பூல் ராக். சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, இழுத்து இழுத்து வெளுக்கவைத்து, சிவப்புப் பாகில் எழுத்துக்களைப் பட்டைகளாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரு பெரிய உருளையாகச் சேர்த்து, பிறகு விரல் பருமனுக்கு நீளமாக இழுப்பார்கள். எங்கே ஒடித்தாலும் உள்ளே ஊர்ப்பெயர் தெரியும். அண்டை வீட்டாருக்குக் கொண்டுபோக இதுவும், முன்கூட்டியே அனுப்ப ஒரு படத் தபால் அட்டையும் போதும். தபால் அட்டையில் தங்கியிருக்கும் வீட்டின் படம் இருந்தால், தங்கள் அறை ஜன்னலுக்கு மேலே ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்புவார்கள்.

நகராட்சி இவ்வளவு முனைப்பாக இருந்ததற்குச் சட்டமே துணை. 1879-ல் பிளாக்பூல் வேறெந்த ஊருக்கும் இல்லாத ஓர் அனுமதியை நாடாளுமன்றத்தில் பெற்றது: ஊரை விளம்பரம் செய்வதற்கென்றே வரி வசூலிக்கலாம். அதே ஆண்டு கடற்கரையில் எட்டு ஆர்க் விளக்குகளை எரியவிட்டு, மின்வெளிச்சம் என்றால் என்னவென்று மக்களுக்குக் காட்டியது. 1885 செப்டம்பர் 29 அன்று கடலோரத்தில் மின்சார டிராம் ஓடியது. பிரிட்டனின் பெருநகரங்கள் எல்லாம் 1962-க்குள் பழைய டிராம்களைக் கைவிட்டபோதும் பிளாக்பூல் விடவில்லை. பயணி இன்றும் அதே பாதையில் 11 மைல் போகலாம். 1912 மே மாதம் இளவரசி லூயிஸ் புதிய கடலோரச் சாலையைத் திறக்க வந்தபோது சுமார் 10,000 பல்புகளைத் தோரணம் கட்டினார்கள். மக்களும் வியாபாரிகளும் கேட்டுக்கொள்ள, செப்டம்பரில் மறுபடி ஏற்றினார்கள். வீட்டுக்காரம்மாக்களுக்கு அதன் பயன் கையில் கிடைத்தது. பருவம் முடியும் நேரத்தில் சில வாரங்கள் கூடுதலாக அறைகள் நிரம்பின. போரால் நின்று 1925-ல் மீண்ட அந்த விளக்குத் திருவிழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

டிராமில் தெற்கே போனால் பிளெஷர் பீச். வில்லியம் ஜார்ஜ் பீன் அமெரிக்கா போய் அங்குள்ள கேளிக்கைப் பூங்காக்களைப் பார்த்துத் திரும்பியவர். ஜிப்சிகள் கூடாரமடித்திருந்த தெற்குக் கரை மணல்மேட்டில், கூட்டாளி ஜான் அவுத்வெயிட்டோடு சேர்ந்து பூங்காவை வளர்த்தார். ஜிப்சிக் குடும்பங்கள் 1910 வாக்கில் அங்கிருந்து அகற்றப்பட்டன. 1904-ல் ஹைரம் மாக்சிமின் பறக்கும் இயந்திரம் இங்கே சுழலத் தொடங்கியது. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த அதே மாக்சிம், விமானம் கட்டும் முயற்சியில் கையைச் சுட்டுக்கொண்டு, தொடர்ந்து ஆராயப் பணம் தேட வடிவமைத்த ராட்டினம் இது. நடுத்தூணிலிருந்து கம்பிகளில் தொங்கும் படகுகள் வேகம் கூடக்கூட வெளியே விரிந்து பறக்கும். நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்து இன்றும் ஓடுகிறது. உண்மையான விமானத்தைப் பார்க்க அந்தக் கூட்டம் அதிக நாள் காத்திருக்கவில்லை. 1909 அக்டோபரில் பிளாக்பூலில் நடந்த விமான விழாவில் ஹென்றி ஃபார்மன் பறந்தார். பலத்த காற்றில் ஹூபர்ட் லாதம் துணிந்து ஏறிக் காட்டினார்.

அந்த மக்கள் எப்படி இருந்தார்கள், எப்படி நடந்தார்கள் என்பதை இன்று நேரிலேயே பார்க்க முடிகிறது. பிளாக்பர்னைச் சேர்ந்த மிட்செல், கென்யன் இருவரும் 1900-களில் ஆலை வாசல்களில் கேமராவை வைத்து, வேலை முடிந்து வருபவர்களைப் படம்பிடித்து, அன்றிரவே கண்காட்சிக் கொட்டகையில் அவர்களுக்கே காட்டினார்கள். பிளாக்பூல் கடற்பாலங்களையும் படமெடுத்தார்கள். பிறகு எல்லாரும் மறந்துபோனார்கள். 1994-ல் பிளாக்பர்னில் ஒரு பழைய கடையின் அடித்தளத்தில் உலோகப் பீப்பாய்களுக்குள் 800-க்கும் மேற்பட்ட சுருள்கள் கிடைத்தன. மரக்கட்டைச் செருப்பும் சால்வையுமாக ஆலை வாசலில் தெரியும் அதே வகை மனிதர்கள், கடற்பாலத்தில் தொப்பியும் இஸ்திரி போட்ட உடுப்புமாக நிமிர்ந்து நடக்கிறார்கள். வறுமையைப் பற்றிப் படித்துவிட்டு வருபவருக்கு அந்த நடை புதிய செய்தி.

1914 போர் இந்த ஊரை மூடவில்லை. பயிற்சி பெறும் சிப்பாய்களையும் பெல்ஜியம் அகதிகளையும் அரசு இதே விடுதி வீடுகளில் தங்கவைத்தது. குளிர்காலத்தில் காலியாகக் கிடந்த அறைகளுக்கு முதன்முறையாக வருமானம் வந்தது. போருக்குப் பின் சாமான் கொண்டுவரும் முறை மெல்லத் தேய்ந்து, மணியடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடும் முழுச் சாப்பாட்டு முறை பரவியது. 1930-களில் ஆண்டுக்கு எழுபது லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. 1937-ல் மாஸ் அப்சர்வேஷன் ஆய்வுக்குழு போல்டன் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து வந்து, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுவரை குறித்துவைத்தது. உழைப்பாளிகளின் ஓய்வும் ஆராயத்தக்கது என்று நினைத்த முதல் கூட்டத்தில் அவர்கள் உண்டு.

பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மலிவு விமானங்கள் லங்காஷயர் குடும்பங்களை ஸ்பெயினின் வெயிலுக்குக் கொண்டுபோயின. அறைகள் காலியாக, விடுதி வீடுகள் பல சின்னச் சின்னக் குடியிருப்புகளாகத் துண்டாயின. நிலையான வேலை இல்லாதவர்கள் அங்கே வாடகைக்கு வந்தார்கள். 2019-ல் வெளியான அரசுக் குறியீட்டில் இங்கிலாந்தின் மிகப் பின்தங்கிய உள்ளாட்சிப் பகுதி பிளாக்பூல்தான். கோபுரம் முதல்தரப் பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலில் இருக்கிறது. 2024-ல் கேளிக்கை வரலாற்றுக்கென்று ‘ஷோடவுன்’ அருங்காட்சியகமும் திறந்தது. கோமாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் கிடைத்த அந்த மரியாதை, கூட்டத்துக்குப் படுக்கை விரித்த பெண்களின் வீடுகளுக்கும் கிடைக்க வேண்டும்.

எனவே கோபுரத்தைப் பார்த்து முடித்த பயணி கடலுக்கு முதுகைக் காட்டிச் சிறிது தூரம் நடப்பது நல்லது. வின்டர் கார்டன்ஸைத் தாண்டினால் ஆல்பர்ட் ரோடு, சார்ன்லி ரோடு, ஹார்ன்பி ரோடு. புடைத்த ஜன்னல்களோடு தோளோடு தோள் நிற்கும் பழைய வீடுகளில் பல இன்றும் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள். கடலோரப் பெரிய ஹோட்டல்களைவிட வாடகை குறைவு. முன்வாசலில் அறை காலி என்ற பலகை தொங்கினால் மணியை அழுத்திக் கேட்கலாம். காலையில் முட்டையும் பன்றிக்கறியும் பொரித்த தக்காளியும் தட்டில் வைத்துத் தருவார்கள்.